உருளைக்கிழங்குப் பாத்தியின் மண்ணில் டி.என்.ஏ. தேடினோம்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது விடுதித் தோட்டத்தின் கீழ்ப் பாத்தியில் உருளைக்கிழங்குச் செடிகள் வாடி நின்றன. ஏப்ரலில் கார்போகத்துக்கு நட்டவை அவை. நீருக்குக் குறைவில்லை; மழையும் பெய்திருந்தது. இருந்தும் நண்பகலில் துவண்டு, மறுநாள் காலையில் நிமிர்ந்து, மீண்டும் துவண்டு, நாலைந்து நாளில் இலையின் பச்சைகூட மாறாமலே சாய்ந்துவிட்டன. முந்தைய ஆண்டு நடுப் பாத்தியில் நேர்ந்ததும் இதுவே. எங்கள் விடுதியில் வாரத்தில் மூன்று நாள் உருளைக்கிழங்குதான் என்பதை இங்குள்ள தோழியர் அறிவர். பெற்றோருக்காகச் சொல்லி வைக்கிறோம்.

எங்கள் பள்ளி நீலகிரிச் சரிவில் இருப்பதால் தோட்டம் படிப்படியாக வெட்டிய நிலம். மேல் பாத்தியில் பீடத்துக்கு வேண்டிய லில்லி மலர்கள், நடுவிலும் கீழேயும் காய்கறி. தோட்டத்தைக் கவனிக்கும் சிஸ்டர் முதலில் சந்தேகப்பட்டது நூற்புழுவைத்தான். உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிற நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே நீலகிரியில், 1961-இல். அது இருந்தால் வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள் ஒட்டியிருக்கும். நாங்கள் வேரைக் கழுவி உருப்பெருக்கி வைத்துப் பார்த்தோம். ஒரு மணியும் இல்லை.

பிறகு எங்கள் உயிரியல் ஆசிரியை ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி நூலால் கட்டித் தொங்கவிட்டார். "அசைக்காமல் பாருங்கள்" என்றார். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா! தண்டின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி அடைத்துக்கொள்வதால்தான் ஈர மண்ணில் நின்றும் செடி தாகத்தால் சாகிறது. இது பாக்டீரிய வாடல் நோய். இதற்குக் காரணமான கிருமியை அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் என்பவர் 1896-இல் விவரித்தார். இன்று அதன் பெயர் ரால்ஸ்டோனியா. உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் என ஒரே குடும்பத்துச் செடிகளை அது பிடிக்கும். மனிதரை ஒன்றும் செய்யாது. ஆகவே விடுதியில் சாப்பிட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. சிஸ்டருக்கு வேண்டியிருந்தது வேறு விடை. ஆகஸ்டில் கடைபோகத்துக்கு விதைக்கிழங்கு வாங்கி வைத்திருந்தார். கீழ்ப் பாத்தி இனி ஆகாது. ஓராண்டாகச் சும்மா கிடந்த நடுப் பாத்தியில் நடலாமா? அந்த மண்ணில் கிருமி இன்னும் இருக்கிறதா, செத்துப் போயிற்றா? செடியே இல்லாத பாத்தியில் தண்டை வெட்டிப் பார்க்க முடியாது. மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மண்ணைக் கேட்பது எளிதன்று. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். அவற்றைக் கூழ்த் தட்டில் இட்டு வளர்த்தால் நூறில் ஒன்று முளைத்தாலே பெரிது. மற்றவை உயிரோடிருந்தும் நம் தட்டில் வளர மறுப்பவை. ஆகையால் உயிரியலார் வேறு வழி கண்டனர்: வளர்க்க வேண்டாம், மண்ணிலிருக்கும் எல்லா நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யையும் ஒன்றாகப் பிரித்தெடுத்து, அதில் யார் யார் எழுத்து இருக்கிறது என்று படிக்கலாம்.

இதில் வழிகாட்டியவர்களில் ஒருவர் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆராய்ந்த விக்டிஸ் டோர்ஸ்விக் அம்மையார். 1980-இல் அவர் மண்ணிலிருந்து பாக்டீரியாக்களை முதலில் பிரித்துக் கழுவி, பின் அவற்றை உடைத்து டி.என்.ஏ. எடுக்கும் முறையை வெளியிட்டார். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், கிருமிகளைப் பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு, வண்டல் படிவுக்குள்ளேயே அவற்றை உடைக்கும் நேர்முறையைக் காட்டினர். இன்று பெரும்பாலோர் செய்வது இந்த இரண்டாவது முறைதான். டோர்ஸ்விக் அம்மையாரும் உடனாய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. டி.என்.ஏ.யின் இரட்டை இழைகளைச் சூட்டால் பிரித்துவிட்டு, அவை மீண்டும் தத்தம் இணையைக் கண்டு சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். திருவிழாவன்று கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே மாதிரியாக இருந்தால் எதை எடுத்தாலும் ஜோடி. வகைகள் பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகும். அந்தக் கணக்கின்படி அவர்கள் எடுத்த மண்ணில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான 4,000 பாக்டீரியா வகைகளுக்குச் சமமான டி.என்.ஏ. இருந்தது. அதே மண்ணிலிருந்து தட்டில் வளர்த்தவற்றைவிட இது ஏறத்தாழ 200 மடங்கு.

ஜூலை முதல் வாரத்தில் எங்கள் ஆய்வகத்தில் முயன்றோம். பழகுவதற்காக முதலில் வாழைப்பழம். பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் கலந்து, வடிகட்டி, பனிக்கட்டியில் குளிரவைத்த ஆல்கஹாலைக் குழாயின் ஓரமாக ஊற்றினால், இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒன்று திரண்டு எழும். சோப்பு செல்லின் கொழுப்புறையைக் கரைக்கிறது, உப்பு டி.என்.ஏ. இழைகளின் மின்னேற்றத்தை அடக்கி ஒன்றோடொன்று சேரவிடுகிறது, ஆல்கஹாலில் டி.என்.ஏ. கரையாது, ஆகவே வெளியே வருகிறது. கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்து எல்லோருக்கும் காட்டினோம்.

அதே முறையில் பத்து கிராம் மண். வடிகட்டியபின் கிடைத்தது கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம். ஆல்கஹால் ஊற்றினோம், பழுப்புத் துகள்கள் சில மிதந்தன. "இதுதான் டி.என்.ஏ.!" என்று ஒருத்தி கூவினாள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார்.

ஒரு பாக்டீரியாவில் ஏறத்தாழ 46 இலட்சம் படிகள் கொண்ட டி.என்.ஏ. இருப்பதாகக் கொள்வோம், குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமிக்கு அதுவே அளவு. அதை நேராக நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகும். கிருமியின் உடலோ இரண்டு மைக்ரோமீட்டர்தான். நீளம் இருக்கிறதே தவிர எடை இல்லை: நூறு கோடிக் கிருமிகளின் டி.என்.ஏ.யை ஒன்றாகச் சேர்த்தாலும் 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. எங்கள் பத்து கிராம் மண்ணில் எல்லாமே பிழையின்றிக் கைக்கு வந்திருந்தாலும் 50 மைக்ரோகிராம். உப்புக் கல் ஒன்றின் எடைக்கு அருகில். குழாயில் மிதந்ததோ கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு. ஆகவே அதில் பெரும்பகுதி வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோதான் இந்தக் கட்டுரையின் வில்லன்! இலையும் வேரும் மட்கி மட்கிக் கடைசியில் எஞ்சும் கரும்பழுப்புப் பொருளில் ஹியூமிக் அமிலங்கள் என்பவை உண்டு. நம் மலை மண் கறுத்து வளமாயிருப்பதற்குக் காரணமான மட்கிலேயே அவை இருக்கின்றன. காரத்தில் கரைவதும் அமிலத்தில் திரிவதும், மின்னேற்றமும், பெரிய மூலக்கூறாக இருப்பதும் என்று பல குணங்களில் அவை டி.என்.ஏ.யைப் போலவே நடந்துகொள்ளும். டி.என்.ஏ. எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். களிமண் வேறு தன் பங்குக்கு டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மணலும் களியும் மட்கும் சேர்ந்து எழுதிய பூட்டு இது. வாழைப்பழத்துக்கு வைத்த சாவி இதற்குப் பொருந்தாது.

எங்கள் ஆசிரியை ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் அனுமதி பெற்றுத் தந்தார். மண் எடுக்கும் முறையை அங்கிருந்து எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில், ஒரு சாண் ஆழம்வரை. கரண்டியை ஒவ்வொரு பாத்திக்கும் முன்பு ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பத்தையும் கலந்து, கல்லும் வேரும் நீக்கிச் சலித்து, பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்கில் வைக்க வேண்டும். சூட்டில் விட்டால் சில கிருமிகள் பெருகும், சில மடியும், மண் தன் கதையை மாற்றிச் சொல்லும். நாங்கள் குனிந்து மண் அள்ளுவதைப் பார்த்த தோட்டத்துச் சிஸ்டர், "மெண்டல் சாமியார் மடத்துத் தோட்டத்திலே பட்டாணி போட்டார். நீங்கள் என் தோட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறீர்களே, பிள்ளைகளே!" என்றார்.

நடுப் பாத்தியில் ஒன்றைக் கண்டோம். அதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. சும்மா கிடந்த நிலம் என்றாலும் அது வெறும் நிலமாய் இல்லை. முந்தைய ஆண்டு தோண்டாமல் விட்ட கிழங்குகளிலிருந்து தானாக முளைத்த செடிகள் நாலைந்து. ஓரமெல்லாம் மணத்தக்காளி. விடுதியில் யாருக்காவது வாய்ப்புண் வந்தால் அந்தக் கீரைதான் மருந்து என்பதால் அதை யாரும் பிடுங்குவதில்லை.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை கல்லூரிக்குச் சென்றோம். செலவைக் கருதி அன்று பழைய எளிய முறையில் செய்தார்கள். அரைக் கிராம் மண்ணை உப்பும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலில் இட்டு, சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சலவைப் பொருளைச் சேர்த்து (தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூ சிலவற்றிலும் இது உண்டாம்), 65 பாகை சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பிறகு குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கிச் சுழற்பொறியில் வைத்தார்கள். புரதங்கள் நடுவில் ஓர் ஆடையாகத் திரண்டன. மேல் நீரை மட்டும் எடுத்து ஆல்கஹாலில் திரளவைத்து, அடியில் படிந்ததைச் சிறிது நீரில் கரைத்தார்கள். எல்லாம் முடிந்தபின்னும் எங்கள் குழாய்களில் இருந்தது பால் ஊற்றாத தேநீரின் நிறம்.

அடுத்தது பி.சி.ஆர். என்னும் பெருக்கும் முறை. டி.என்.ஏ. குவியலில் ரால்ஸ்டோனியாவுக்கு மட்டுமே உரிய, ஏறத்தாழ 280 படிகள் நீளமுள்ள ஒரு துண்டு இருந்தால், அதை மட்டும் மீண்டும் மீண்டும் படியெடுத்துக் கோடிக்கணக்கில் ஆக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கேரி முல்லிஸ் 1983-இல் கண்டு 1993-இல் நோபல் பரிசு பெற்ற முறை இது. படியெடுக்கும் நொதி கொதிசூட்டையும் தாங்க வேண்டும். அதைத் தந்த கிருமியை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிரித்து 1969-இல் விவரித்தவர்கள் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும். ஃபிரீஸ் அதைத் தேடிய நாளில் பட்டம் முடிக்காத மாணவர். இதை எங்கள் வகுப்பில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

படியெடுத்ததை அகரோஸ் கூழில் ஓடவிட்டு விளக்கில் பார்த்தோம். முதல் வரிசையில் ரால்ஸ்டோனியாவின் தூய டி.என்.ஏ.; பளிச்சென்று ஒரு பட்டை. இரண்டாவதில் வெறும் நீர். ஒன்றுமில்லை, இருக்கவும் கூடாது. மூன்றாவது கீழ்ப் பாத்தி, நான்காவது நடுப் பாத்தி, ஐந்தாவது மேல் பாத்தி. மூன்றும் இருட்டு.

பேருந்தில் வரும்போதே முடிவு கட்டிவிட்டோம்: நடுப் பாத்தியில் கிருமி இல்லை. விடுதிக்குள் நுழைந்ததும் சிஸ்டரிடம் ஓடிச் சொன்னோம். "கீழ்ப் பாத்தியிலுமா இல்லை?" என்று அவர் கேட்டார். நோய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தாயிற்றே, அதனால் போயிருக்கும் என்று நாங்களே ஒரு காரணமும் சொன்னோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடுப் பாத்தியில் இரண்டு வரிசை நட்டார். மீதி விதைக்கிழங்கை ஏனோ சாக்கிலேயே வைத்திருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் தவற்றை மறைக்காமல் எழுதுகிறோம். கீழ்ப் பாத்தி மண், ஒரு மாதத்துக்கு முன்பு தம்ளரில் பால் இழை இறங்கியதே, அந்தச் செடிகளின் வேரடி மண். அதில் கிருமி இல்லை என்று ஒரு சோதனை சொன்னால் சந்தேகிக்க வேண்டியது சோதனையை. கூழில் மூன்றாவது வரிசையின் இருட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்க விரும்பிய விடை வந்துவிட்டதால் அந்த வரிசையைப் பார்த்தும் பார்க்கவில்லை. சிஸ்டர் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. அதையும் பேசிக் கடந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த ஆய்வக விரிவுரையாளருக்கு எங்கள் தேநீர் நிறக் குழாய்கள் மனத்தை உறுத்தியிருக்கின்றன. எங்கள் மண் டி.என்.ஏ. கரைசலில் ரால்ஸ்டோனியாவின் தூய டி.என்.ஏ.யை வேண்டுமென்றே கலந்து அதே சோதனையைச் செய்து பார்த்தாராம். அப்போதும் இருட்டு! இருப்பது உறுதியாகத் தெரிந்த கிருமியையே அந்தச் சோதனையால் காண முடியவில்லை என்றால், முன்பு சொன்ன "இல்லை" என்ற விடைக்கு என்ன மதிப்பு? ஹியூமிக் அமிலம் படியெடுக்கும் நொதியையும் அதற்கு வேண்டிய மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு வேலையே நடக்கவிடவில்லை. கிருமி இல்லாத இருட்டும் நொதி முடங்கிய இருட்டும் பார்வைக்கு ஒன்றே.

ஒளியளவியிலும் இதற்குத் தடயம் இருந்ததாம். டி.என்.ஏ. 260 நானோமீட்டர் அலைநீள ஒளியை மிகுதியாக விழுங்கும். தூயதாயிருந்தால் 230-இல் விழுங்குவது அதில் பாதியளவே. எங்கள் குழாய்களில் 230-இல் விழுங்கியதுதான் மிகுதி. மட்கு 260-இலும் ஒளியை விழுங்குவதால் டி.என்.ஏ. ஏராளமாக இருப்பதாகப் பொறி காட்டியது. அந்தப் பெரிய எண்ணைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தது தனிக் கதை.

ஆகஸ்ட் நடுவில் இரண்டாம் முறை சென்றபோது வேறு முறை. கால் கிராம் மண்ணைச் சின்னஞ்சிறு கடின மணிகள் நிறைந்த குழாயில் இட்டு வேகமாக அதிரவைக்கும் பொறியில் பூட்டினார்கள். சில கிருமிகளின் உறை சோப்புக்கு மசியாது. மணிகள் மோதித்தான் உடைய வேண்டும். அதற்காக அதிகம் குலுக்கினாலும் ஆகாது, டி.என்.ஏ. இழைகளே துண்டு துண்டாகும். பிறகு மட்கை விலக்க ஒரு கரைசல் ஊற்றினார்கள். அது என்ன என்று கேட்டபோது, "உங்கள் பாட்டி கலங்கிய நீரில் எதைப் போடுவார்?" என்று விரிவுரையாளர் திருப்பிக் கேட்டார். படிகாரம்! குடத்து நீரில் சுழற்றும் படிகாரத்துக்கு உறவான அம்மோனியப் படிகாரந்தான் அது. பழுப்பு நிறமெல்லாம் திரிந்து சுழற்பொறியில் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே நின்ற நீர் தெளிந்திருந்தது. அதை அடர்ந்த உப்புக் கரைசலில் கலந்து சிலிக்காச் சவ்வு வழியே விட்டால் டி.என்.ஏ. சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் கலந்த நீரால் கழுவி, கடைசியில் உப்புக் குறைந்த நீர் சிறிது விட்டால் ஒட்டியது கழன்று வரும். சிலிக்கா என்பது மணலின் பொருளே. மண்ணிலிருந்து பிரித்த டி.என்.ஏ.யை மீண்டும் மணலைக் கொண்டே பிடிக்கிறார்கள்!

கிடைத்தது நூறு மைக்ரோலிட்டர், இரண்டு துளி நீரளவு, நிறமே இல்லை. அப்படியும் நம்பாமல் அதைப் பத்து மடங்கு நீர்த்து ஒரு குழாயும், நீர்க்காமல் ஒரு குழாயும், தூய டி.என்.ஏ. கலந்து ஒரு குழாயும் எனப் பாத்திக்கு மூன்று வைத்தோம்.

இம்முறை கூழ் பேசியது. கீழ்ப் பாத்தியில் தடித்த பட்டை. நடுப் பாத்தியில் மெல்லிய பட்டை. மெல்லியதுதான், ஆயினும் இருந்தது. மேல் பாத்தியில் இல்லை. ஆனால் மேல் பாத்தி மண்ணில் தூய டி.என்.ஏ. கலந்த குழாயில் பட்டை வந்தது. ஆகவே அங்கே நொதி வேலை செய்திருக்கிறது, அந்த "இல்லை" நம்பத் தகுந்தது. மேல் பாத்தியில் ஒருபோதும் உருளையோ தக்காளியோ வைத்ததில்லை. மழைநீரும் மேலிருந்து கீழேதானே ஓடும்.

சிஸ்டரிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு வெட்கமாயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைச் சமையலறைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அடுப்புச் சுவரோரம், வெதுவெதுப்பான இடத்தில், பன்னிரண்டு பால்பவுடர் டின்களில் தக்காளி நாற்று வைத்திருந்தார்: ஆறில் நடுப் பாத்தி மண், ஆறில் மேல் பாத்தி மண். நாங்கள் "இல்லை" என்று ஓடி வந்து சொன்ன அன்று மாலையே வைத்தாராம்! "கீழ்ப் பாத்தியிலும் இல்லை என்றீர்கள். அது எனக்கு ஒட்டவில்லை" என்றார். நடுப் பாத்தி மண்ணில் அப்போதே இரண்டு நாற்று துவண்டிருந்தன. மாத முடிவுக்குள் நான்காயின. மேல் பாத்தி மண்ணில் ஆறும் நிமிர்ந்து நின்றன. துவண்டவற்றின் தண்டை வெட்டித் தம்ளரில் தொங்கவிட்டோம். அதே பால் இழை.

அந்த டின்கள் எங்கள் கூழ் சொல்லாத ஒன்றையும் சொல்லின. செத்த கிருமியின் டி.என்.ஏ. உடனே அழிந்துபோவதில்லை, மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். அமெரிக்காவில் பல இடத்து மண்ணை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மண்ணில் கிடைக்கும் பாக்டீரிய, பூஞ்சை டி.என்.ஏ.யில் சராசரி 40 விழுக்காடு இப்படி உயிரற்ற எச்சமே என்றது. ஆகவே பட்டை தெரிந்ததால் மட்டும் கிருமி உயிரோடிருக்கிறது என்று சொல்ல முடியாது. நாற்றை வாடவைப்பது உயிருள்ள கிருமியால் மட்டுமே ஆகும். மறுபக்கம், நாற்றுக்கு மூன்று வாரம் வேண்டும். கூழுக்கு ஒரு நாள் போதும். இரண்டையும் ஒன்றாக வைத்தபோதுதான் விடை முழுமையாயிற்று. நடுப் பாத்தியில் கிருமியை ஓராண்டு காத்தது எது என்பதும் பிறகு புரிந்தது: தானாய் முளைத்த கிழங்குச் செடிகளும், தான் வாடாமலே வேரில் கிருமியை வைத்துக்கொள்ளக்கூடிய மணத்தக்காளியும். வாய்ப்புண் கீரை இப்போது அலுவலக வாசல் தொட்டிக்கு மாறிவிட்டது.

சாக்கிலிருந்த விதைக்கிழங்கு செப்டம்பர் முதல் வாரத்தில் மேல் பாத்திக்குப் போயிற்று. லில்லிக் கிழங்குகள் நடுப் பாத்திக்கு இறங்கின. அதற்குத் தாயார் அனுமதி வேண்டியிருந்தது. பீடத்து மலர்களை இடம் மாற்றுவது சிறிய செய்தி அன்று. நடுவில் எஞ்சிய இடத்திலும் கீழ்ப் பாத்தியிலும் பூண்டும் முட்டைக்கோசும். இந்தக் கிருமி அவற்றைப் பொதுவாகப் பிடிப்பதில்லை. மண்வெட்டியும் கூடையும் காலையில் மேல் பாத்தியில் தொடங்கிக் கீழே வர வேண்டும், கீழிருந்து மேலே போகக் கூடாது, காலணியைச் சுண்ணாம்புத் தூளில் மிதித்துவிட்டே ஏற வேண்டும் என்று சிஸ்டர் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்.

நாங்கள் சொன்னதை நம்பி நட்ட இரண்டு வரிசையில் நாற்பது செடிகள். அக்டோபருக்குள் பத்தொன்பது வாடின. மற்றவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டியதாயிற்று. மேல் பாத்தியில் டிசம்பரில் கிழங்கு எடுத்தோம், அறுபத்திரண்டு கிலோ. எந்தக் கிழங்கின் கண்ணிலும் மண் ஒட்டிய கசிவு இல்லை. சிலவற்றைக் குறுக்கே வெட்டி அழுத்தியும் பார்த்தோம், உள்வளையம் வெளுத்தே இருந்தது.

மண் எடுத்த முப்பது இடங்களையும் குறித்த வரைபடம் உயிரியல் ஆய்வகத்தின் பதிவேட்டில் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. தேநீர் நிறக் குழாய் ஒன்றும் பெயர்ச்சீட்டோடு அலமாரியில் உள்ளது. வரும் ஜூனில் அதே இடங்களில் மீண்டும் மண் எடுக்க வேண்டும். அப்போது நாங்கள் இங்கு இருக்கமாட்டோம். பதினோராம் வகுப்புத் தங்கைகள் பிளாஸ்குக்குப் பனிக்கட்டியைச் சமையலறையில் முதல் நாளே சொல்லி வைக்கவும்.